அணைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

மொரகஹகந்தை அணையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் தண்ணீர், நீருக்கு மேலே தலைநீட்டும் பட்ட மரங்கள், தொலைவில் நக்கிள்ஸ் மலைத்தொடர். படம் எடுக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள், போகிறார்கள். மறுபக்கம் திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கில் அம்பன் கங்கை ஓடுவது தெரியும். அந்த ஆறு எலஹெரவுக்குப் போகிறது. அங்கிருந்து பக்கமுனைப் பக்கம் வயல்களுக்கும் வஸ்கமுவ காட்டுக்கும் இடையே இறங்கி, மகாவலியோடு சேர்ந்து, மன்னம்பிட்டியைத் தாண்டி, வெருகலுக்கும் மூதூருக்கும் போய்க் கடலில் விழுகிறது. இந்தக் கட்டுரை அந்த மறுபக்கத்தைப் பற்றியது.

“அணை உடைந்தால் என்ன ஆகும்?” என்று ஊரில் கேட்டால், வாயைக் கழுவு என்பார்கள். அபசகுனமான பேச்சு என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் பெரிய அணை ஒன்றைக் கட்டும் பொறியியலாளர் கட்டாயம் கேட்டு விடை எழுதிவைக்க வேண்டிய கேள்வி அது. உடைந்தால் எவ்வளவு தண்ணீர், எந்த வழியாக, எத்தனை நிமிடத்தில், யாருடைய வாசலுக்கு வரும் என்ற கணக்கு இல்லாத அணை, கட்டி முடிக்கப்படாத அணைதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மொரகஹகந்தை உடையப் போகிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கி, 2018இல் பாவனைக்கு வந்த புதிய அணை அது. இந்தக் கணக்கைப் பயத்தினால் போடுவதில்லை. அணையின் பலனை அனுபவிக்கிறவர்களும் அதன் ஆபத்தைச் சுமக்கிறவர்களும் பல நேரம் வேறு வேறு ஆட்கள் என்பதால் போடுகிறோம்.

மாத்தளை தாங்கி நிற்கும் தண்ணீர்

மாத்தளை மாவட்டத்தை மலைநாடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரத்தோட்டை, உக்குவெல, கம்மடுவ, எல்கடுவ என்று தோட்டப் பெயர்களைச் சொல்லும்போது தேயிலையும் றப்பரும் மிளகும்தான் நினைவுக்கு வரும். நீரியல் கண்ணால் பார்த்தால் இந்த மாவட்டம் வடமத்திய, கிழக்கு மாகாண வயல்களின் தலைவாசல். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர் சுது கங்கையில் விழுந்து அம்பன் கங்கையாகிப் போவத்தென்னை நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு சுரங்கம் வழியாகத் தம்புள்ளைப் பக்கம் திரும்பிக் கலாவெவக்கும் கண்டலமவுக்கும் போகிறது. மற்றது அம்பன் கங்கையிலேயே இறங்கி மொரகஹகந்தைக்கு வருகிறது.

மொரகஹகந்தையின் கொள்ளளவு சுமார் 570 மில்லியன் கனமீற்றர். பழைய நீர்ப்பாசனக் கணக்கில் நாலரை இலட்சம் ஏக்கர் அடிக்கும் மேல். பிரதான அணை ஏறத்தாழ 65 மீற்றர் உயரம். அதோடு, பள்ளத்தாக்கின் தாழ்வான இடங்களை அடைத்து நிற்கும் துணை அணைகள் இரண்டு. கிழக்கே லக்கலப் பக்கம் களு கங்கை நீர்த்தேக்கம், 248 மில்லியன் கனமீற்றர். அதிலும் 2018இல்தான் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அதற்காகப் பழைய லக்கல நகரமே இடம்பெயர்ந்து புதிய நகரமாக எழுந்தது. களு கங்கை மொரகஹகந்தைக்குக் கீழேதான் அம்பன் கங்கையில் கலக்கிறது. ஆகவே இரு அணைகளிலும் திறக்கும் தண்ணீர் கீழே ஒரே ஆற்றுப் படுகையில் சேரும். எலஹெரவுக்குக் கீழே இருக்கிற ஒரு குடும்பத்துக்கு இரண்டு அணைகள் தலைக்கு மேலே இருக்கின்றன.

இந்தத் தண்ணீரால் வாழ்கிறவர்கள் எத்தனை இலட்சம் பேர் என்பது வேறு கணக்கு. எலஹெர அணைக்கட்டும் கால்வாயும் வசப மன்னன் காலத்தவை என்பார்கள். மகாசேனன் கட்டிய மின்னேரியாவுக்கு இன்றும் அந்த வழியாகத்தான் தண்ணீர் போகிறது. மின்னேரியாவுக்கு அப்பால் கவுடுல்ல, கந்தளாய்.

கந்தளாய், 1986

கந்தளாயைச் சொன்ன பிறகு 1986 ஏப்ரல் 20ஐச் சொல்லாமல் நகர முடியாது. புத்தாண்டு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை மூன்று மணி. நல்ல தூக்க நேரம். குளக்கட்டு உடைப்பெடுத்தது. பிறகு வந்த கணக்குகள் 120 முதல் 180 பேர் வரை இறந்ததாகச் சொல்கின்றன. 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சுமார் 2,000 ஏக்கர் நெல் போயிற்று. 8,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன.

அன்று வானத்தில் புயல் இல்லை. பெருமழையில் குளம் நிரம்பி வழிந்து கட்டு உடைந்தது என்றால் ஊருக்கு ஒரு முன்னறிவிப்பாவது இருந்திருக்கும், மழையைப் பார்த்தே மனிதர்கள் மேட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. கட்டின் மேல் அளவுக்கு மீறிய பாரமான வாகனங்கள் ஓடியது முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. பொறியியலாளர்கள் இப்படிப்பட்ட உடைப்பைத் தனி வகையாக எடுத்து, ‘வெயில் நாள் உடைப்பு’ என்று கணக்குப் போடுவார்கள். மழையோடு வரும் உடைப்பில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். வெயில் நாள் உடைப்பில் சாவு கூடுதலாக இருக்கக்கூடும், ஏனெனில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

கந்தளாய்க் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 135 மில்லியன் கனமீற்றர். மொரகஹகந்தை அதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். இந்த ஒப்பீட்டை வைத்துச் சாவைப் பெருக்கிப் பார்க்கக் கூடாது. பள்ளத்தாக்கின் அமைப்பு வேறு, கட்டின் வகை வேறு, குடியிருப்புகளின் தூரம் வேறு. ஆனால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது என்பதற்கு இந்த நான்கு மடங்கே போதுமான காரணம்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

முதல் கேள்வி, கட்டு எப்படி உடையும் என்பது. மண்கட்டு ஒரேயடியாக உடைவதில்லை. எங்கோ ஊற்றெடுக்கும், அல்லது தண்ணீர் கட்டுக்கு மேலாக வழியும். மண்ணை அரித்து வாய் அகலமாகும். அரை மணி, ஒரு மணி, சில வேளை பல மணி நேரம் எடுக்கும். கொங்கிறீட் ஈர்ப்பு அணை வேறு மாதிரி. அது சாதாரணமாக அசையாது. அசைந்தால் ஒரு துண்டு மொத்தமாகச் சரியும், நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். ஆகவே கட்டின் வகையைப் பார்த்து, மொரகஹகந்தைக்கு ஒரு கணக்கு, களு கங்கைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட வேண்டும். துணை அணைகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். துணை அணைகளை யாரும் படம் எடுப்பதில்லை, ஆனால் பேரிடர்கள் பக்கவாட்டிலிருந்தே வரக்கூடும். 2017 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஒரோவில் அணையில் பிரதான அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த அவசர வான், அதாவது மிகைநீர் வழிந்தோடும் பகுதி, அரிபடத் தொடங்கியது. அதற்கே ஏறக்குறைய 1,88,000 பேரை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள்.

இரண்டாவது கேள்வி, உடைப்பின் வாய் வழியாக உச்சக் கட்டத்தில் வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் பாயும். மண்கட்டுகளுக்கு ஃப்ரோலிக் என்ற ஆய்வாளர் 1995இல், அதற்கு முன் உடைந்த அணைகளின் தரவிலிருந்து ஒரு சூத்திரம் தந்தார். கட்டுக்குப் பின்னால் நிற்கும் நீரின் கன அளவும் ஆழமும் தெரிந்தால் போதும். 135 மில்லியன் கனமீற்றர் தண்ணீர் 15 மீற்றர் ஆழத்தில் நிற்கும் ஒரு மண்கட்டுக்கு அதைப் போட்டால், வினாடிக்கு 4,000 கனமீற்றருக்குச் சற்று மேல் என்று விடை வரும். ஒரு வினாடியில் 4,000 தொன் தண்ணீர், அடுத்த வினாடியில் இன்னொரு 4,000.

அந்தச் சூத்திரத்தை எவ்வளவு நம்பலாம்? இதைத்தான் ஒவ்வொரு கணக்கோடும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1976 ஜூன் 5இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை உடைந்தது. அதன் அளவுகளை இதே சூத்திரத்தில் போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 43,000 கனமீற்றர் வருகிறது. உண்மையில் பாய்ந்தது 65,000க்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காகிதத்தில் வரும் எண்ணைவிட ஒன்றரை மடங்கு. ஆகவே ஒரே ஓர் எண்ணைச் சொல்லி, இதுதான் வரும் என்று அடித்துச் சொல்கிற அறிக்கையை நம்பக் கூடாது. குறைந்தபட்சம் இவ்வளவு, கூடியபட்சம் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளைச் சொல்லி, ஆட்களை எப்போதும் மேல் எல்லைக்குத் தயார்ப்படுத்துவதுதான் நேர்மையான அறிக்கை.

மூன்றாவது, அந்தத் தண்ணீரைப் பள்ளத்தாக்கு வழியே நடத்திக்கொண்டு போவது. இதற்கு இன்று உலகெங்கும் பாவிக்கும் கணினி மென்பொருள் ஹெக்-ராஸ். அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவு உருவாக்கி இலவசமாகத் தருவது. நமது பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டு மாணவர்களும் அதைக் கையாளத் தெரிந்தவர்கள்தான். சிக்கல் மென்பொருளில் இல்லை, நிலத்தின் அளவீட்டில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் செய்மதி நிலவரை முப்பது மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் உயரத்தைச் சொல்கிறது, அதிலும் சில மீற்றர் பிழை இருக்கலாம். மலைப் பள்ளத்தாக்கில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. எலஹெரவைத் தாண்டிப் பொலன்னறுவைச் சமவெளிக்கு இறங்கிய பிறகு கதை மாறும். அங்கே ஒரு கால்வாய்க் கரை, ஒரு தார் வீதி, ஒரு யோத எல, எல்லாம் தரையைவிட ஓரிரு மீற்றர் உயர்ந்து நிற்பவை. வெள்ளம் அந்தக் கரைக்கு இந்தப் பக்கம் நிற்குமா, அந்தப் பக்கம் தாண்டுமா என்பதை அந்த ஓரிரு மீற்றர்தான் தீர்மானிக்கும். செய்மதி வரைபடத்தில் அந்தக் கரையே காணாமல் போயிருக்கும். விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளக்கும் லைடார் அளவீடு இல்லாமல், கிராமத்துக்குக் கிராமம் இறங்கி அளக்காமல், மன்னம்பிட்டியில் எந்த வீடு நனையும் என்று சொல்வது வெறும் ஊகம்.

கணக்கிலிருந்து வெளிவருவது நீலம் பூசிய ஒரு வரைபடம் மட்டுமாக இருக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு விடயங்கள் வேண்டும்: முதல் தண்ணீர் வந்து சேரும் நேரம், உச்சம் எட்டும் நேரம், ஆழம், வேகம். ஆழத்தைவிட வேகத்தைத்தான் நம் மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்கிய எத்தனை பேரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணை வைத்துத்தான் நடந்து தப்பலாமா, வீட்டு மாடியில் நிற்கலாமா, வீடே நிற்குமா என்று முடிவெடுக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆற்றில் ஒன்றின் கீழ் ஒன்றாக அணைகள் இருக்கும்போது, மேலே உள்ளது உடைந்தால் கீழே உள்ளது தாங்குமா? போவத்தென்னை கட்டப்பட்டபோது அதன் கொள்ளளவு சுமார் 50 மில்லியன் கனமீற்றர். மொரகஹகந்தையின் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 30 சதுர கிலோமீற்றர். போவத்தென்னை முழுவதும் ஒரேயடியாகக் கீழே வந்தால் மொரகஹகந்தையின் நீர்மட்டம் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல் உயரும். கீழே இடம் இருந்தால் அது அந்தத் தண்ணீரை விழுங்கிவிடும். ஏற்கெனவே நிரம்பி வான்கதவுகள் திறந்திருக்கும் இரவில் அந்த ஒன்றரை மீற்றர் வந்தால் கதை வேறு. இது காகிதத்தின் பின்பக்கத்தில் கிறுக்கிப் பார்த்த கணக்குத்தான், பொறியியல் முடிவு அல்ல. ஆனால் இவ்வளவு எளிய கணக்கே, நீர்த்தேக்கத்தில் மழைக்காலத்தில் எவ்வளவு வெற்றிடம் வைக்க வேண்டும் என்ற கேள்வியைக் கையில் கொடுத்துவிடுகிறது.

மழை எவ்வளவு கொடுக்கும் என்பதற்கும் பழைய பதிவேடு போதாது என்று 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி காட்டிச் சென்றது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த நாட்களில், மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவப் பக்கம் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பதிவானது. நூறு சதுர கிலோமீற்றரில் 500 மில்லிமீற்றர் பெய்தால் 50 மில்லியன் கனமீற்றர் தண்ணீர். ஒரு நாளில் ஒரு போவத்தென்னை. அணையின் வான் தாங்க வேண்டிய உச்ச வெள்ளத்தை முந்தைய நூற்றாண்டின் மழையை வைத்துக் கணித்திருந்தால், அந்தக் கணிப்பை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மேட்டுத் தோட்டங்களில் வாழும் நம் ஆட்களுக்கு அந்த மழையால் வந்த ஆபத்து அணையால் அல்ல, மண்சரிவால். அதைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் லயத்துக்குப் பின்னால் சரிந்த மண்ணும் அதே ஆற்று வழியாக நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைத் தின்கிறது என்பதை மறக்க முடியாது.

நூற்றில் பதினைந்தும் நூற்றில் ஒன்றும்

டீட்டனுக்குத் திரும்புவோம். 93 மீற்றர் உயரமான அணை. முதன்முறை நீர் நிரப்பும்போதே உடைந்தது. கந்தளாயைவிடப் பல மடங்கு கொடிய வெள்ளம். இறந்தவர்கள் 11 பேர்.

ஏன் அந்த வித்தியாசம்? அன்று சனிக்கிழமைக் காலை. ஏழு மணியளவில் கட்டில் கலங்கல் நீர் கசிவதைக் கண்டார்கள். பத்தே முக்கால் மணியளவில் கீழே உள்ள பொலிசுக்குச் சொன்னார்கள். 11.57க்கு அணை உடைந்தது. வானொலி சொன்னது, அண்டை வீட்டார் சொன்னார்கள், ஆட்கள் மேட்டுக்குப் போய்விட்டார்கள்.

டீட்டனைக் கட்டிய அமெரிக்க அரச நிறுவனத்திலேயே பணியாற்றிய வெய்ன் கிரஹாம், 1999இல் இப்படிப்பட்ட உடைப்புகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். வீடுகளை அழிக்கக்கூடிய நடுத்தர வெள்ளத்தில், எச்சரிக்கையே இல்லாவிட்டால் வெள்ளத்தில் அகப்படும் நூறு பேரில் சுமார் பதினைந்து பேர் இறப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எச்சரிக்கை கிடைத்து, வருவது என்ன என்று மக்கள் சரியாகப் புரிந்துகொண்டால் நூற்றில் ஒருவர். அதே ஒரு மணி நேர எச்சரிக்கை கிடைத்தும் வருவது என்ன என்று தெளிவாகப் புரியாவிட்டால் நூற்றில் மூன்று பேர். இந்தக் கடைசி வரியை நமது அதிகாரிகள் தங்கள் மேசையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். எச்சரிக்கை போய்ச் சேர்ந்தாலும், அது விளங்காவிட்டால் சாவு மூன்று மடங்கு. எலஹெரவிலிருந்து மூதூர் வரை இந்த ஆற்றோரம் சிங்களமும் தமிழும் பேசும் மக்கள் இருக்கிறார்கள். கீழே போகப் போகத் தமிழ் பேசுகிறவர்கள் கூடுகிறார்கள். டித்வா நாட்களில் எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அணை உடைப்பில் அந்தக் குறைக்கு நேரமே இருக்காது.

2023 செப்ரெம்பர் 10 இரவில் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு மண் அணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த அணைகளுக்குப் பழுதுபார்ப்பு வேண்டும் என்பது முன்பே தெரிந்த விடயம். நகருக்குத் தெரியாமல் இருந்தது, தான் எங்கே நிற்கிறது என்பது.

எலஹெரப் பக்கம் ஆற்றோரங்களில் மாணிக்கக் குழிகள் இருக்கின்றன. ஒரு குழிக்குள் இறங்கி, தண்ணீர் இறைக்கும் மோட்டர் சத்தத்துக்கு நடுவே மண் வெட்டிக்கொண்டிருக்கிறவருக்கு அணையிலிருந்து ஒலிக்கும் சைரன் கேட்காது. கைத்தொலைபேசி மேலே கரையில் சட்டைப் பையில் இருக்கும். வயலில் காவல் குடிலில் தூங்குகிறவருக்கும் அப்படித்தான். ஆகவே அணைக்கு அருகில் உள்ள கிராமங்களில் யார், எந்த நேரத்தில், எங்கே இருப்பார்கள் என்று கிராம சேவகர் மட்டத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும். கணினியில் ஓடும் கணக்கு எத்தனை நுட்பமாக இருந்தாலும் அந்தக் குழிக்குள் இருப்பவரை அது அறியாது.

எல்லைக்கு அப்பால் ஓடும் ஆறு

என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். அணை மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறது. அது உடைந்தாலும், பெருவெள்ளத்தில் வான்கதவுகளை ஒரேயடியாகத் திறந்தாலும், நனைவது பெரும்பாலும் பொலன்னறுவை மாவட்டமும் திருகோணமலை மாவட்டமும். மாத்தளை மாவட்டச் செயலகம் எத்தனை நல்ல திட்டம் வைத்திருந்தாலும் அது எல்லைக் கல்லில் நின்றுவிட்டால் பயனில்லை. அணை மகாவலி அதிகாரசபையின் பொறுப்பில் இருக்கும். பக்கத்துக் குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. சிறு குளம் கமநல சேவைத் திணைக்களத்தினுடையது. எச்சரிக்கை கொடுப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். மழையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று நீருக்கு இந்தப் பிரிவுகள் எதுவும் தெரியாது.

டித்வாவில் மகாவலியின் கடைக்கோடியில் மாவிலாற்றுக் கட்டு உடைப்பெடுத்தது. 2006இல் துருசு மூடப்பட்டு யுத்தம் மூண்டதால் நாடே அறிந்த அதே மாவிலாறு. வெருகல், சேருவில, மூதூர்ப் பக்கம் தாழ்ந்த இடங்களில் அகப்பட்டவர்களைப் படையினர் மீட்டெடுத்தார்கள். அதே நாட்களில் கலா ஓயாப் பாலத்தருகே வெள்ளத்தில் அகப்பட்ட பஸ் ஒன்றின் பயணிகள் அறுபத்தொன்பது பேர், பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி இரவெல்லாம் நின்று, கடற்படையால் மீட்கப்பட்டார்கள். கலா ஓயாவும் மாத்தளை மலைகளிலிருந்து இறங்குவதுதான்.

2008இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டத்தில் நாட்டின் பல பெரிய அணைகள் திருத்தப்பட்டன, அளவிடும் கருவிகள் பொருத்தப்பட்டன. அது மெச்ச வேண்டிய வேலை. இலங்கையில் சுமார் 350 பெரிய அணைகள் இருக்கின்றன, பல நூற்றாண்டுகள் பழமையானவை அவற்றில் உண்டு. இந்தியா 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வைத்திருப்பதை உரிமையாளரின் கடமையாக்கியது. நமக்கும் அப்படியொரு கடமை சட்டத்தில் இருக்க வேண்டும். வெள்ள வரைபடம் அலுவலக அலுமாரியில் இருப்பது போதாது, அது பாடசாலைச் சுவரிலும் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் தொங்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்ல வேண்டும்.

வரைபடத்தை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள், காணி விலை விழும், தீயவர் கையில் சிக்கும் என்ற வாதங்களை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கலாம். இவற்றில் கடைசியை மட்டும் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்: அணையின் உட்கட்டமைப்பு விபரங்களைப் பூட்டிவைக்கலாம். ஆனால் எந்த ஊர் எத்தனை நிமிடத்தில் நனையும் என்பது அந்த ஊர்க்காரனின் சொத்து. அதை அவனிடமிருந்து மறைக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை.

சிறு குளங்களும் இருக்கின்றன

தம்புள்ளை, கலேவெல, நாவுலப் பக்கங்களில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கும் சிறு குளங்களை யாரும் அணை என்று சொல்வதில்லை. 1957 டிசம்பர் வெள்ளத்தில் அனுராதபுரத்தின் நாச்சதுவக் குளமே உடைந்தது, சிறு குளங்கள் எம்மாத்திரம். மேலே ஒன்று உடைந்தால் அதன் தண்ணீர் அடுத்ததன் கட்டைத் தாண்டும், அதுவும் போகும். இவற்றுக்கெல்லாம் ஹெக்-ராஸ் ஓட்ட முடியாது, வேண்டியதும் இல்லை. கமக்கார அமைப்பிடம் ஒரு பட்டியல் போதும்: எந்தக் குளத்தின் வான் அடைத்திருக்கிறது, எந்தக் கட்டில் மரம் வேரோடியிருக்கிறது, எங்கே கரையான் புற்று இருக்கிறது, எந்தத் துருசின் ஓரத்தில் மண் ஈரமாகவே இருக்கிறது. மழைக்கு முன் ஒரு தடவை, மழை நடுவே ஒரு தடவை நடந்து பார்த்தால் எழுதிவிடலாம்.

கட்டின் கீழ்ப்பக்கம் தெளிந்த நீர் கசிந்தால் அது வழக்கமான கசிவாக இருக்கலாம். கலங்கலாகக் கசிந்தால் உள்ளே மண் கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். நேற்று இல்லாத ஊற்று இன்று இருந்தாலும், கட்டின் மேல் புதிதாகப் பள்ளம் விழுந்தாலும், நீளவாக்கில் வெடிப்புக் கண்டாலும் அதேபோல் உடனே சொல்ல வேண்டும்.

மாத்தளை, பொலன்னறுவை, திருகோணமலை மாவட்டச் செயலாளர்கள் மூவரும் மகாவலி அதிகாரசபையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, அம்பன் கங்கைக்கும் மகாவலியின் கீழ்ப்பகுதிக்கும் ஒரே வெள்ள வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். அடுத்த மாரிக்கு முன் எலஹெரவிலாவது ஓர் ஒத்திகை நடத்த வேண்டும், அதையும் இரவில் நடத்த வேண்டும். வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கிராம சேவகரிடம் போய், எங்களுக்கு மேலே எந்த அணை, எந்தக் குளம் இருக்கிறது, உடைந்தால் எந்த மேட்டுக்கு, எந்த வழியால் போக வேண்டும், யார் எங்களுக்குச் சொல்வார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். கட்டில் கலங்கல் ஊற்றைக் கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.